காலி நாற்காலி

அப்பா போன பிறகு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதற்குமேல் தூக்கமே இல்லை என்று ஆனதும், தோழி சொல்லித்தான் இந்த தெரபிஸ்டிடம் போனேன், எட்டு மாதம் ஆகிறது. ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர் இல்லை. முதல் நாலு வாரம் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அறிவுரையே கிடையாது. அப்புறம் 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிபிடி, அதாவது நம்மை வாட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றிக்கொள்ளும் சிகிச்சை. என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதச் சொன்னார். ‘இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால்’ என்ற ஒரே வரி ஒரு வாரத்தில் பதினோரு முறை வந்திருந்தது.

எழுதி எழுதி அந்தக் குற்ற உணர்வு தணிந்ததே தவிர அழுகை வரவில்லை. ஒரு நாள் எதிரே ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, “அப்பா இதில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடமே சொல்லுங்கள்” என்றார். இது கெஸ்டால்ட் முறை, மனதில் அடைத்து வைத்ததை அந்த ஆள் எதிரே இருப்பதுபோல் பேச வைப்பது. “மன்னிச்சிடுங்கப்பா” என்பதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை, அரை மணி நேரம் அழுதேன்.

முறையை மாற்றும்போதெல்லாம் ஏன் என்று விளக்கி, சம்மதம் கேட்கிறார், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முன்பு போன இடத்தில் வாரம் ஒரு உத்தி, எதற்கென்றே சொல்ல மாட்டார்கள். ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய், கையைக் கடிக்கத்தான் செய்கிறது. சனிக்கிழமை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.