‘சீட்டு இருக்கா?’: தெருமுனை மெடிக்கல் முதல் ஆசிட் வண்டி வரை ஒரு மதிப்பீடு

மருந்துக் கடைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள். தள்ளுபடி எத்தனை சதவீதம், கேட்ட மாத்திரை கேட்டவுடன் கிடைத்ததா. இரண்டாவது அளவுகோல் மளிகைக் கடைக்குப் பொருந்தும். மருந்துக் கடைக்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும் கொடுத்திருக்கும் முக்கியமான வேலையே, சிலதைச் சிலருக்குக் கொடுக்காமல் இருப்பதுதான். ‘சீட்டு இல்லாம தர மாட்டோம்’ என்று சொன்னதற்காக ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள், தங்களை அறியாமலே அந்தக் கடைக்கு நற்சான்றிதழ் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் தெருமுனை மெடிக்கல். உள்ளே போனதும் கவுன்டரைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள். வாடிக்கையாளர் கண்ணில் படும்படி உரிமம் மாட்டியிருக்க வேண்டும். சில்லறைக் கடை என்றால் படிவம் 20, படிவம் 21 இரண்டும் இருக்கும். முதலாவது சாதாரண மருந்துகளுக்கு. இரண்டாவது இன்சுலின், தடுப்பூசி போன்றவற்றுக்கு. உரிமத்தில் முடியும் தேதி இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். 2017 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் காலாவதியாவதில்லை, 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டித் தக்கவைத்துக்கொண்டால் போதும். சுவரில் 20ஏ என்று இருந்தால் அது வரையறுக்கப்பட்ட உரிமம். அங்கே பார்மசிஸ்ட் தேவையில்லை, அதனாலேயே சீட்டு மருந்தும் விற்கக்கூடாது. 10 சதுர மீட்டருக்குக் குறைவான இடத்தில் சில்லறை மருந்துக் கடைக்கு உரிமமே கிடையாது.

உரிமத்துக்குப் பக்கத்திலேயே மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழும் பெரும்பாலும் தொங்கும். சிக்கல் அங்கேதான். சான்றிதழ் சுவரில் இருக்கிறது, ஆள் எங்கே? சீட்டு மருந்தை அவரது நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்கிறது விதி 65. ‘சார் சாப்பிடப் போயிருக்கார்’ என்ற பதில் காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரே மாதிரி வந்தால், சான்றிதழ் மட்டும் வாடகைக்கு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கையில் வரும் அட்டை. சட்டம் மருந்துகளை எப்படிப் பிரிக்கிறது என்பதை அட்டையே சொல்லிவிடும். வெறும் ‘ஆர்எக்ஸ்’ குறியும் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தால் எச் பட்டியல். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின், அசித்ரோமைசின் எல்லாம் இதில் வரும். ஆர்எக்ஸ் சிவப்பிலும், எச்சரிக்கை சிவப்புக் கட்டத்துக்குள்ளும் இருந்தால் எச்1. ‘எக்ஸ்ஆர்எக்ஸ்’ என்று இருந்தால் எக்ஸ் பட்டியல். ‘என்ஆர்எக்ஸ்’ என்றால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து. அட்டையின் ஓரமாக நெடுக்குவாக்கில் ஒரு சிவப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக். 2016இல் மத்திய அரசு அந்தக் கோட்டுக்காகவே பிரசாரம் நடத்தியது. நம் ஊரில் கோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் இன்னும் அபூர்வம்.

இந்தக் குறி எதுவும் இல்லாதவற்றைச் சீட்டில்லாமல் வாங்கலாம். பாரசிட்டமால் அப்படி. ‘ஓடிசி மருந்து’ என்று எல்லோரும் பேசினாலும், அந்தப் பெயரில் இந்தியச் சட்டத்தில் தனிப் பட்டியல் கிடையாது. பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை விற்பதற்குக் காட்டப்படும் சலுகையும் பலர் நினைப்பது போல் அகலமானது அல்ல. உரிமம் இல்லாமல் வீட்டு மருந்துகள் விற்க கே பட்டியல் இடம் கொடுப்பது, மக்கள்தொகை 1000க்கு மிகாத கிராமத்துக்கு மட்டும்தான். பிரிக்காத அசல் பொட்டலமாக இருக்க வேண்டும், உரிமம் பெற்றவரிடமிருந்து வாங்கியதாகவும் இருக்க வேண்டும். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைக்கு இது எந்த வகையிலும் பொருந்தாது.

சீட்டைக் கொடுத்த பிறகு நடப்பதுதான் முக்கியமான பரீட்சை. நல்ல கடை மருந்தைக் கொடுத்துவிட்டு, மருத்துவர் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதியுடன் முத்திரை குத்தித் தரும். ‘இதை எதுக்குக் கிறுக்குறாங்க’ என்று பலர் முகம் சுளிப்பார்கள். அது விதி. எத்தனை முறை கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால், ஒரு சீட்டுக்கு ஒரே முறைதான் மருந்து. முத்திரை விழாத சீட்டை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் நாலு கடை ஏறி இறங்கித் தூக்க மாத்திரை சேர்க்க முடியும். அதை அடைக்கத்தான் இந்த ஏற்பாடு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள் கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ‘மாதம் ஒருமுறை, 6 மாதத்துக்கு’ என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, மொத்த எண்ணிக்கை, சாப்பிடும் அளவு, தேதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். துண்டுத் தாளில் மருந்துப் பெயர் மட்டும் கிறுக்கியிருந்தால் அது சீட்டே அல்ல.

‘அந்தக் கம்பெனி இல்லை, அதே கன்டென்ட்தான், இதை எடுத்துக்குங்க.’ கவுன்டரில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். எச், எக்ஸ் பட்டியல் மருந்துகளுக்கு இப்படி மாற்றித் தர விதி இடம் தரவில்லை, உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும். கொஞ்சம் கடுமையான விதிதான், ஆனால் காரணம் இருக்கிறது. பிராண்டுப் பெயரின் வாலில் வரும் ‘டி’, ‘எம்’, ‘பிளஸ்’ ஒவ்வொன்றும் வேறொரு கலவை. அவசரத்தில் வால் மாறினால் மருந்தே மாறிவிடும். வலிப்புக்கான பெனிடாய்ன், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், தைராய்டு மாத்திரை போன்றவற்றில் சிறு வித்தியாசமும் உடலில் தெரியும்.

இதிலே முரண் என்னவென்றால், மக்கள் மருந்தகங்களும் 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் நிற்பதே பிராண்டு இல்லாத மருந்தின் மேல்தான். விலையில் இவற்றை அடிக்க ஆளில்லை. ஆனால் மருத்துவர் பிராண்டு எழுதிய சீட்டோடு போனால் விதியும் கடையும் முட்டிக்கொள்ளும். வழி சுலபம்: ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்று மூலப்பெயரில் எழுதச் சொல்லுங்கள். பிறகு எந்தக் கம்பெனி என்றாலும் சிக்கலில்லை. இந்தக் கடைகளின் குறை இருப்புதான். ஐந்து மருந்து எழுதிய சீட்டுக்கு மூன்று கிடைத்து, மீதி இரண்டுக்கு வேறு கடை தேட நேரலாம்.

எச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடங்கும்போது 46 மருந்துகள்: செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனம் வகை ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் போன்றவை. இவற்றை விற்ற உடனேயே தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றை எழுத வேண்டும். பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் கெட்டுப்போகும் இடம் இந்தப் பதிவேடுதான். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பியது என்று பார்த்தவுடனே தெரியும் பதிவேடுகள் உண்டு. வாடிக்கையாளருக்கு அதைப் பார்க்கக் கிடைக்காது, பில் கிடைக்கும். அதில் மருத்துவர் பெயர் இருக்கும் வரியைப் படியுங்கள். நீங்கள் பார்த்தே இராத மருத்துவரின் பெயர் அச்சாகி வந்தால், கணினியில் ஒரு பெயரைப் போட்டுவைத்து எல்லா விற்பனையையும் அதில் தள்ளுகிறார்கள் என்று பொருள். எங்கள் கணக்கில் அந்தக் கடைக்குப் பூஜ்யம்.

பட்டியலிலும் ஓட்டை உண்டு. கோவிட் காலத்தில் சுண்டல் போல விற்ற அசித்ரோமைசின் அந்த 46இல் இல்லை. வலி மாத்திரையாக வந்து போதைக்காகத் தேடப்படும் டேப்பன்டடாலும் இல்லை.

மாத்திரையை வெட்டிக் கொடுப்பதும் கவனிக்க வேண்டியது. நாலு மாத்திரை கேட்டால் நாலு தரலாம், விலை அட்டை விலையின் விகிதத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் இருக்கும். கடைக்காரர் மறுமுனையில் வெட்டுவது சரிதான், மீதி அட்டை அடையாளத்தோடு கடையில் இருக்க வேண்டுமே. அப்போது உங்கள் துண்டில் ஒன்றும் இருக்காது. நல்ல கடை கவரின் மேல் இரண்டையும் எழுதித் தரும், அல்லது பில்லில் இருக்கும். இது சும்மா சம்பிரதாயம் அல்ல. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்த பிறகு, காஞ்சிபுரம் மாவட்ட ஆலை ஒன்றில் தயாரான இருமல் சிரப்பைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது. இப்படி ஒரு மருந்தைத் திரும்பப் பெறும்போது அறிவிப்பில் வருவது பேட்ச் எண். பில்லும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் வீட்டில் இருப்பது அதுதானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. சந்தேகம் இருந்தால், வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமை சட்டத்தின் 26ஆம் பிரிவில் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கும் பில் வேண்டும்.

தெருமுனைக் கடையின் உச்சகட்டத் தவறு ‘காய்ச்சல் செட்’. ஒரு பாரசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு அசிடிட்டி மாத்திரை, கூடவே சின்னதாக, வெள்ளையாக, பெயர் சொல்லாமல் ஒன்று. அந்த நாலாவது பல நேரங்களில் ஸ்டீராய்டு. அதனால்தான் ‘அந்தக் கடை மாத்திரை ஒரே வேளையில் கேக்குது’ என்று ஊரே புகழ்கிறது. காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சங்கிலிக் கடைகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பில் ஒழுங்கு, பேட்ச் எண் அச்சாகி வரும், குளிர்பதனம் சீராக இருக்கும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டாலும் கெட்டது. தண்ணீர் பாட்டிலோடு இன்சுலினையும் ஃப்ரீசர் ஓரமாக நெருக்கி வைத்திருக்கும் சிறு கடையைவிட இங்கே வாங்குவது மேல். எரிச்சல், உறுப்பினர் அட்டை விற்பனையும் ஊட்டச்சத்து டப்பா தள்ளுவதும்தான்.

செயலிகளுக்கு வருவோம். ஆன்லைன் மருந்து விற்பனைக்கு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகள் வந்தன, வரைவாகவே நின்றன. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதித்தார், அடுத்த மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. பிறகு 2020 மார்ச் 26 அன்று, ஊரடங்கில், வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்க மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன் நிபந்தனைகளைப் படித்தால் இன்றைய செயலிகளை அளக்க நல்ல அளவுகோல் கிடைக்கும். உரிமம் பெற்ற கடை, அதே வருவாய் மாவட்டத்துக்குள் மட்டும். நாட்பட்ட நோய்க்குச் சீட்டு எழுதிய 30 நாளுக்குள், திடீர் நோய்க்கு 7 நாளுக்குள். எச்1, எக்ஸ், போதைப்பொருள் சட்ட மருந்துகள் கூடவே கூடாது. ஆகவே பார்சல் வந்ததும் பில்லில் விற்பனையாளர் பெயரையும் உரிம எண்ணையும் பாருங்கள். விற்பது செயலி அல்ல, எங்கோ இருக்கும் ஒரு கடை. பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வேறு மாநிலத்துக் கிடங்கு என்றால் குறை சொல்லவும் அந்த மாநிலத்துக்குத்தான் போக வேண்டும். சீட்டு இல்லை என்றதும் ‘இலவச மருத்துவர்’ இரண்டு நிமிடம் பேசிச் சீட்டு உருவாக்கித் தரும் வசதியும் இருக்கிறது. 2020 தொலை மருத்துவ வழிகாட்டி எக்ஸ் பட்டியல் மருந்துகளையும் போதைப்பொருள் சட்ட மருந்துகளையும் போனில் எழுதக்கூடாது என்கிறது. மற்றவற்றில் எல்லாம் அந்த மருத்துவரின் மனசாட்சி. விலைக்கு நல்ல மதிப்பெண், சட்ட ஒழுங்குக்கு அரைகுறை.

கட்டுப்பாடு தேவைக்கு மேல் இறுகிய இடமும் உண்டு. எக்ஸ் பட்டியல் மருந்து விற்க 20எஃப் என்ற தனி உரிமம் வேண்டும். மருந்து பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பெரும்பாலான கடைகள் அந்த உரிமத்தை வாங்குவதில்லை. விளைவு, கவனக்குறைவுக் கோளாறுள்ள குழந்தைக்கு மெத்தில்பெனிடேட் எழுதினால் பெற்றோர் ஊர் ஊராக அலைகிறார்கள். அதே தெருவில் லெவோஃப்ளாக்சசின் சீட்டில்லாமல் கிடைக்கிறது.

கடைசியாக ஆசிட் வண்டி. ‘ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்’ என்று தெருவில் குரல் கொடுத்துப் போகும் வண்டிக்கும் சட்டம் உண்டு. 1919ஆம் ஆண்டின் விஷங்கள் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் விதி வகுக்கலாம். 2013 ஜூலை 18 அன்று, அமிலத் தாக்குதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு பதிவேட்டில் ஏற வேண்டும், முகவரியுள்ள புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும், என்ன காரியத்துக்கு என்று சொல்ல வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, இருப்பைக் கோட்ட நடுவரிடம் தெரிவிக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். வண்டியில் இதில் எதுவும் நடப்பதில்லை. அதைவிட மோசமானது பாத்திரம்: பழைய தண்ணீர் பாட்டில், சில நேரம் குளிர்பான பாட்டில், லேபிளும் அப்படியே. கழிவறை கழுவ வேண்டுமென்றால் கம்பெனி மூடியோடு, எச்சரிக்கை அச்சிட்ட கிளீனரைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வண்டியில் வாங்கியது வீட்டில் இருந்தால் குடிதண்ணீர் பாட்டில்கள் இருக்கும் பக்கத்திலிருந்து இன்றைக்கே எடுத்து, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.