அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்கும் கெடு தாண்டிவிட்டது என்ற பயத்தில் இந்த மாதிரி ஆட்களிடம் போகாதீர்கள். 4,500 டாலர் கொடுத்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்

நேற்றுதான் முழு விஷயமும் தெரிய வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கடை இன்றும் திறந்துதான் இருக்கிறது.

நியூ ஜெர்சியில் நம்மவர்கள் நிறையப் போய்வரும் இடத்தில் ஒரு சின்னக் கடை. விமான டிக்கெட் போடுவார்கள், ஊருக்குக் காசு அனுப்புவார்கள், வருமான வரிப் படிவம் நிரப்பித் தருவார்கள், கூடவே இமிகிரேஷன் வேலையும் செய்வார்கள். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் தம்பியின் அசைலம் கேஸுக்காக அங்கே 4,500 டாலர் கொடுத்தோம். கேஸ் போடவே இல்லை.

தம்பி கிளிநொச்சியில் இருந்து மாணவர் விசாவில் படிக்க வந்தவன். வரும்போது அசைலம் கேட்கிற எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. எங்கள் பெரியண்ணா 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியதில் இருந்து அம்மா அங்கே போய் இருக்கிறா. போன வருடம் அம்மாவை விசாரிக்க வீட்டுக்கு வந்தவர்கள், தம்பியைப் பற்றியும் தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் யாரோடு பழகுகிறான், யாருக்குக் காசு சேர்க்கிறான், எப்போது திரும்பி வருவான் என்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது தம்பி வந்து இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அமெரிக்காவுக்குள் வந்து ஒரு வருடத்துக்குள் அசைலம் விண்ணப்பம் போட வேண்டும் என்பது 1996-ல் வந்த சட்டம். அந்த ஒரு வருடக் கெடு எல்லோருக்கும் தெரியும். அதற்கு விதிவிலக்குகள் இருப்பது பலருக்குத் தெரியாது. இந்த ஆட்கள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான்.

கடைக்குள் போனதும் எங்களுக்கு நம்பிக்கை வரவைத்தது சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த நோட்டரி பப்ளிக் சான்றிதழ். நம்ம ஊரில் நொத்தாரிசு என்றால் உறுதி முடிக்கிற சட்டத்தரணி. இங்கே நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்லி முத்திரை குத்துபவர், அவ்வளவுதான். சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தச் சான்றிதழுக்குக் கீழே நல்ல சட்டை போட்டுக்கொண்டு இருந்தவர் அம்மாவைப் பற்றிக் கேட்டார், அண்ணாவைப் பற்றிக் கேட்டார், தன் சொந்தத்திலும் ஒருவர் அப்படிக் காணாமல் போனார் என்றார். தம்பி தலையைக் குனிந்தபோது எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ தங்கச்சி. ஒரு வருஷம் முடிஞ்சாப் பிறகு வந்த எத்தினை பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கிறன்" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சில்தான் 3,000 டாலரை எண்ணி மேசையில் வைத்தோம். செத்துப்போன பிள்ளையா இருக்கிற பிள்ளையா என்று தெரியாமல் இருக்கும் ஒரு தாயின் கதையைக் கேட்டுவிட்டு, அதே வாயால் ஒருவன் பொய் சொல்லுவான் என்று யார் நினைப்பார்கள்?

இரண்டு கிழமை கழித்து "அரசாங்கக் கட்டணம்" என்று இன்னும் 1,500. மொத்தம் 4,500 டாலர். இந்த விண்ணப்பத்துக்கு 2025 ஜூலைக்கு முன்னர் கட்டணமே கிடையாது. அதற்குப் பிறகு வந்தது 100 டாலர். இதை எனக்கு நேற்றுத்தான் ஒரு உண்மையான லோயர் சொன்னார்.

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. அனுப்பியாச்சு என்பார். ரசீது எங்கே என்றால் தபாலில் வருகிறது என்பார். ஒரு மாதம் அரசாங்கம் மெதுவாக வேலை செய்கிறது, அடுத்த மாதம் கடைப் பெண் லீவில், அதற்கடுத்த மாதம் அவரே ஊருக்குப் போய்விட்டார். வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்துவிட்டு நீல டிக்கோடு விட்டுவிடுவார். நேரில் போனால் "என்னை நம்பாட்டி வேற ஆளைப் பாருங்கோ, ஆனா ஃபைல் குழம்பினா நான் பொறுப்பில்லை" என்று மிரட்டல். கடைசியில் ஒரு ரசீது எண்ணை அனுப்பினார். மூன்று எழுத்து, பத்து இலக்கம், பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. இமிகிரேஷன் விண்ணப்பங்களை எடுக்கும் அரசாங்க அலுவலகமான யூ.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் போட்டுப் பார்த்தால் அது வேறு யாரோ போட்ட வேறு விண்ணப்பம்.

சண்டை போட்டு ஃபைலை வாங்கிக்கொண்டு லோயரிடம் போனோம். உள்ளே ஐ-589 என்ற அசைலம் விண்ணப்பப் படிவம் பாதி நிரப்பிக் கிடந்தது. அதில் தம்பி வல்வெட்டித்துறை மீனவராம்! வேறு யாருடைய கதையையோ அப்படியே தூக்கி ஒட்டியிருக்கிறார். வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டதா, ஆம் என்றால் ஏன் தாமதம் என்று படிவத்திலேயே ஒரு கேள்வி உண்டு. அதற்கு "இல்லை" என்று அடையாளம் போட்டிருக்கிறார். நிரப்பித் தந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய பகுதி வெறுமை. அதாவது பொய் எல்லாம் தம்பியின் கையெழுத்தில் போயிருக்கும். தெரிந்தே புனைந்த விண்ணப்பம் என்று தீர்ப்பானால் வாழ்நாள் முழுக்க இமிகிரேஷன் சலுகை எதுவும் கிடைக்காதாம்.

எனக்கு நெஞ்சு வெடித்தது அதற்குப் பிறகு லோயர் சொன்னதைக் கேட்டுத்தான். நாங்கள் கடைக்குப் போன அன்று தம்பியின் மாணவர் தகுதி இன்னும் முடியவில்லை. சட்டப்படியான தகுதியோடு இருந்த காலம் கெடு தாண்டியதற்கு ஏற்கக்கூடிய காரணம். ஊரில் நிலைமை மாறியது, அதாவது அம்மாவிடம் வந்து அவனைக் கேட்டது, இன்னொரு காரணம். ஆனால் இரண்டிலும், காரணம் வந்த பிறகு நியாயமான காலத்துக்குள் போட்டாக வேண்டும். தகுதி முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்தால் பொதுவாக அதை நியாயமான காலமாக எடுக்க மாட்டார்கள். கையில் உறுதியான கேஸோடு போனவனை, "வருகிறது, வருகிறது" என்று சொல்லியே அந்த ஆறு மாதத்தையும் தாண்ட வைத்துவிட்டான் பாவி. 4,500 டாலரை ஓவர்டைம் செய்து உழைத்துக்கொள்ளலாம். அந்த மாதங்களை எங்கே போய் வாங்குவது?

லோயர் செய்த பிழையால் கெடு தவறினால் அதையும் காரணமாகச் சொல்லலாமாம். 1988-ல் லொசாடா என்பவரின் வழக்கில் அதற்கான வழியைச் சொல்லியிருக்கிறார்கள்: என்ன பேசி ஒப்புக்கொண்டோம் என்று சத்தியக் கடதாசி, அந்த லோயருக்கு அறிவித்தல், லோயர்களைப் பதிந்து கண்காணிக்கும் பாரில் முறைப்பாடு. லோயரே இல்லாதவனை எந்தப் பாரில் முறையிடுவது? முயன்று பார்ப்போம், உறுதி தர முடியாது என்கிறார். அசைலம் சரிவராவிட்டால் நீதிபதி முன் கேட்கக்கூடிய நாடுகடத்தல் தடையும் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கைப் பாதுகாப்பும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு வருடக் கெடு கிடையாது. ஆனால் நிரூபிப்பது இன்னும் கடினம், கிரீன் கார்டு வராது, குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது. தம்பிக்கு ஊரில் நிச்சயம் செய்த பெண் காத்திருக்கிறாள்.

காசைத் திருப்பிக் கேட்டேன். "வேலை செய்ததுக்குத்தானே எடுத்தனான்" என்றார். என்ன வேலை? 4,500 டாலருக்கு ஒரு மீனவர் கதை.

சரி, அவசரமாகச் சில விஷயம். லோயர் என்றால் எந்த மாநிலப் பாரில் பதிவு என்று கேட்டு, அந்த மாநிலப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். லோயர் இல்லாவிட்டால் அமெரிக்க நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதியா என்று பாருங்கள். இரண்டும் இல்லாதவரிடம் உங்கள் கதையைச் சொல்லவே வேண்டாம். இலவசமாக வாதாடுபவர்களின் பட்டியல் குடிவரவு நீதிமன்றத் தளத்தில் இருக்கிறது. ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். அனுப்பும் முன் முழுப் பிரதி வாங்கி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாக வாசியுங்கள். ரசீது வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், அடுத்த நாளே வேறு ஆளிடம் போங்கள்.

நாங்கள் மாநில நுகர்வோர் பிரிவுக்கும், உரிமமில்லாமல் சட்ட வேலை செய்வோரை விசாரிக்கும் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றக் குழுவுக்கும் எழுதுகிறோம். இதே மாதிரி ஒரு கடையில் காசு கொடுத்து ரசீதுக்குக் காத்திருப்பவர்கள் வாட்ஸ்அப் செய்தி ஒன்றையும் அழிக்காதீர்கள். குரல் பதிவுகளையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். எங்களுக்கு அனுப்பிய சிலவற்றை அந்த ஆள் நேற்றிரவே அழிக்கத் தொடங்கிவிட்டார்.