பறக்கும் பறவைகளுக்கான கேமரா அமைப்புகள்: ஐந்து பருவங்களின் அனுபவம்

நிக்கான் டி500 கேமராவையும் 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸையும் ஐந்து பருவங்களாக வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் சுமந்து திரிகிறேன். லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ என்பதால், "சுமந்து" என்பது உயர்வு நவிற்சி அன்று.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றே முதலில் நம்பியிருந்தேன். நிதானமாகச் சிறகடிக்கும் கூழைக்கடாவுக்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கும் 1/1600 நொடி போதும், சட்டென்று திசை மாறும் மீசை ஆலாவுக்கு 1/3200 வேண்டும், தகைவிலானுக்கு 1/4000 வைத்தும் பலநாள் வெறுங்கையுடன் திரும்பியிருக்கிறேன். ஆயினும் என் படங்களைப் பெரும்பாலும் கெடுத்தது, ஒளியளவைத் தானியங்கி ஐஎஸ்ஓவின் (ஒளியுணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் வசதி) பொறுப்பில் விட்டதுதான்.

ஒரு ஜனவரிக் காலையில், வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கடம்பு மரங்களை ஒட்டி ஒரு பெரிய வெள்ளைக்கொக்கு பறந்து வந்தது. கேமரா இருண்ட இலைத்திரளை அளந்து ஐஎஸ்ஓவை ஏற்றிவிட, கொக்கின் சிறகு சுண்ணாம்பு அடித்த சுவர்போல இறகு வரியே தெரியாமல் வெளுத்தது. அதே கொக்கு மரங்களைக் கடந்து வானத்துக்கு ஏறியதும், வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு கேமரா ஐஎஸ்ஓவை இறக்கியதால் சாம்பல் நிறப் பறவையாகப் பதிவானது. இரண்டையும் கணினித் திரையில் அருகருகே வைத்தபோதுதான், பறவைமேல் விழுந்த வெயில் மாறவே இல்லை, பின்னணிதான் மாறியது என்பது எனக்கு உறைத்தது.

அன்று முதல், தெளிந்த வெயிலில் முழு மேனுவல்தான், அதாவது எல்லா எண்களையும் நானே வைப்பேன். காலை ஏழரை மணியளவில், சூரியன் என் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் 1/2500, ஐஎஸ்ஓ 640 என்று தொடங்குகிறேன். அமர்ந்திருக்கும் கொக்கு ஒன்றை இரண்டு முறை படமெடுத்து, வெண்மை ஹிஸ்டோகிராமின் (படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பில் முட்டாதபடி ஷட்டரைத் திருத்திக்கொள்வேன். கரிய அரிவாள் மூக்கன் போன்ற பறவை வந்தால் மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்குவது) கூட்டுவேன். மேகம் வந்துபோகும் நாளில் மட்டும் தானியங்கி ஐஎஸ்ஓவுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அப்போது ஒளியே மாறுகிறது.

ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பின்புறக் கட்டைவிரல் பொத்தானுக்கு மாற்றிப் பழக ஒரு மாதம் ஆயிற்று, தயங்காமல் மாற்றிவிடுங்கள். பல ஃபோகஸ் புள்ளிகளை ஒரு குழுவாக இயக்கும் குரூப் ஏரியா முறை தன் எல்லைக்குள் அருகில் இருப்பதையே பிடிக்கும் என்பதால் திறந்த வானத்தில் அதற்கு நிகரில்லை. பள்ளிக்கரணையில் நீரை ஒட்டிப் பறக்கும் ஆலாவைத் தொடர்ந்தால் முன்னால் நிற்கும் கோரையைப் பிடித்துவிடும், அங்கே 25 புள்ளி டைனமிக் முறை (நாம் தேர்ந்த ஒரு புள்ளிக்குச் சுற்றியுள்ள புள்ளிகள் துணைநிற்பது) நல்லது. குறுக்கே ஏதேனும் வந்தால் ஃபோகஸ் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை 1 முதல் 5 வரை அமைக்கலாம். 5இல் வைத்தால் கிளை குறுக்கிட்டாலும் பறவையை எளிதில் விடாது, ஆனால் தவறுதலாகப் பின்னாலுள்ள மரத்தைப் பிடித்துவிட்டாலும் அதே பிடிவாதம்தான். 3இல் வைத்து, தவறும்போது விரலை எடுத்து மீண்டும் அழுத்துவதே எனக்கு ஒத்துவருகிறது.

மேனுவலில் எனக்குள்ள தொல்லை என் மறதி. நிழலில் இருந்த மீன்கொத்திக்காக ஐஎஸ்ஓவைக் கூட்டிவிட்டுக் குறைக்க மறந்து, அடுத்து வந்த கூழைக்கடாக் கூட்டம் முழுவதையும் வெளுக்கவிட்டேன். இப்போதெல்லாம் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குமுன் எண்களை வெயிலின் அளவுக்குத் திருப்பிவிடுகிறேன்.