வட்ஸ்அப் பிசினஸும் முகநூல் பக்கமும்: ஹட்டன் பக்கத்துத் தையற்காரி ஒருத்தியின் மதிப்பீடு

ஹட்டனுக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்தில், வீட்டிலிருந்தபடியே சேலை ஜாக்கெட்டும் பாடசாலைச் சீருடையும் தைத்துக் கொடுத்து வருகிறேன். எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி இப்போது கைத்தொலைபேசி வழியாகவே வருகிறது. அதற்காக நான்கு ஆண்டுகளாகப் பாவித்து வருபவை வட்ஸ்அப் பிசினஸ் செயலியும் முகநூல் பக்கமும் ஆகும். இவற்றால் வியாபாரம் எப்படிப் பெருகும் என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் முன்பின் தெரியாதவர்களின் பார்வைக்கு வைக்காமல் இவற்றைக் கொண்டு தொழில் செய்ய முடியுமா என்று சொல்பவர்கள் குறைவு. ஆகவே அந்த ஒரு கோணத்திலிருந்தே இரண்டையும் மதிப்பிடுகிறேன். தொழிலுக்கென்று தனி இலக்கம் வைத்திருப்பவருக்கு வட்ஸ்அப் பிசினஸ் மிக நல்ல கருவி. ஒரே இலக்கத்தில் குடும்பத்தையும் தொழிலையும் நடத்துபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முகநூல் பக்கம் நம் பெயரை நன்றாகவே மறைத்துத் தருகிறது. ஆனால் அவசரத்தில் நாம் செய்யும் ஒரு சிறு தவறிலேயே அந்த மறைப்பு போய்விடும்.

தொடக்கத்தில் என்னிடம் இருந்தது ஒரே இலக்கம். தீபாவளிக்கு முந்திய மாதத்தில் வரும் ஓடர்களைச் சாதாரண வட்ஸ்அப்பிலேயே எடுத்துக்கொண்டிருந்தேன். யார் யார் என்று மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொருவரின் இலக்கத்தையும் "கொட்டகலை அக்கா", "டிக்கோயா டீச்சர்" என்று தொலைபேசியில் பதிந்து வைத்தேன். ஸ்டேட்டஸையும் முகப்புப் படத்தையும் "எனது தொடர்புகள்" மட்டுமே பார்க்கலாம் என்று அமைத்திருந்ததால் பாதுகாப்பாக இருக்கிறேன் என்றே நம்பியிருந்தேன். ஒரு நாள் காலையில், தன் மனைவிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த ஒருவரிடமிருந்து செய்தி வந்தது: "மகளுக்குக் காய்ச்சல் சுகமா தங்கச்சி? இன்றைக்கும் ஸ்கூல் போகவில்லையா?" மகளுக்குக் காய்ச்சல் என்பதை, வெளியூரில் இருக்கும் என் அக்காவுக்குத் தெரியட்டும் என்று முதல்நாள் இரவு ஸ்டேட்டஸில் போட்டிருந்தேன். அந்த மனிதர் அக்கறையோடுதான் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவரோ என் மகள் சீருடையில் நிற்கும் படத்தையும் அதிலிருந்த பாடசாலைச் சின்னத்தையும் பார்த்திருக்கிறார் என்று உறைத்தபோது என் கை நடுங்கிவிட்டது.

அன்றுதான் எனக்கு விளங்கியது: செயலியின் கணக்கில் தொடர்பு என்றால் சொந்தமோ நட்போ இல்லை, நம் தொலைபேசியில் பதியப்பட்ட ஓர் இலக்கம், அவ்வளவுதான். வாடிக்கையாளரின் இலக்கத்தை நாமும், நம் இலக்கத்தை அவரும் பதிந்துகொண்ட அந்தக் கணமே, நாம் "தொடர்புகளுக்கு மட்டும்" என்று போடும் ஸ்டேட்டஸ் அவருக்கும் திறந்துவிடுகிறது. வியாபாரம் வளர வளர நமக்கே தெரியாமல் வீட்டு வாசல் அகலமாகிக்கொண்டு போகிறது. இந்தச் சிக்கலை எந்த அமைப்பை மாற்றியும் ஓர் இலக்கத்துக்குள் நிம்மதியாகத் தீர்க்க முடியவில்லை என்பதே என் அனுபவம்.

வட்ஸ்அப் பிசினஸ் சிறு வியாபாரிகளுக்காக 2018 ஜனவரியில் வெளிவந்த இலவசச் செயலி. ஒரே இலக்கத்தை அதிலும் சாதாரண வட்ஸ்அப்பிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுவே அதன் முதல் நன்மை, ஏனென்றால் இரண்டாவது சிம் அட்டை ஒன்றை வாங்க அதுவே என்னைத் தள்ளியது. இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசி ஒன்றிலேயே இரண்டு செயலிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கலாம். அந்தச் சிம் அட்டையை நம் சொந்தத் தேசிய அடையாள அட்டையிலேயே பதிந்து வாங்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். அண்ணன் பெயரிலோ பக்கத்துக் கடைக்காரர் பெயரிலோ எடுத்த இலக்கத்தில் தொழிலைக் கட்டினால், நாளைக்கு அது தொலைந்துபோகும்போது மீட்டெடுக்கும் உரிமை நம் கையில் இராது.

செயலியில் வியாபாரப் பெயர், விபரம், நேரம், முகவரி ஆகியவற்றை எழுத இடமிருக்கிறது. அங்கே நாம் எழுதுவதை நம் இலக்கம் தெரிந்த எவரும் பார்க்கலாம் என்பதால், முகவரி என்ற இடத்தில் தயங்கி நின்றேன். தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லயன் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்துதான் நம் கைக்கு வரும். முகவரி இல்லாததால் நம்மை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தால் அது தவறு. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எத்தனையாவது லயன் என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் போதும், காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் நிற்கும் ஒருவரைக் கேட்டு எவரும் நேரே வாசலுக்கு வந்துவிடலாம். நகரத்துக் கடைக்காரர் தன் முகவரியைப் போடுவதும் நாம் போடுவதும் ஒன்றாகாது. அவர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். நமக்கு வீடே கடை. அதனால் "ஹட்டன்" என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டேன். இதுவரை அதனால் ஓர் ஓடரும் தவறியதில்லை.

பொருட்பட்டியல் வசதி இந்தச் செயலியின் உயிர். தைத்த ஜாக்கெட்டுகளின் படங்களை விலையோடு அதில் அடுக்கிவிட்டால், "என்ன டிசைன் இருக்கு அக்கா?" என்று கேட்பவருக்கு ஓர் இணைப்பை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அதில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். என் முதற் படங்கள் எல்லாம் முன்னறைச் சுவரில் ஜாக்கெட்டை மாட்டி எடுத்தவை. பல வாரங்களுக்குப் பிறகு ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சட்டைக் கைக்குப் பக்கத்தில் மகளின் சான்றிதழ் தொங்கியது தெரிந்தது. முழுப் பெயர், வகுப்பு, பாடசாலை எல்லாம் வாசிக்கும்படி இருந்தன. அன்று முதல், கதவின் பின்புறத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணியடித்து, அதற்கு முன்னால் வைத்தே படம் எடுக்கிறேன். ஒரே வெள்ளைப் பின்னணியில் ஜரிகை வேலையும் இன்னும் நன்றாகத் தெரிகிறது. தொலைபேசிக் கமராவில் எடுத்த இடத்தைப் பதியும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து அந்த விபரத்தை வட்ஸ்அப் நீக்கிவிடுகிறது என்றாலும், தெளிவு குறையாதிருக்க ஆவணமாக அனுப்பும்போது அது படத்தோடு கூடவே போய்விடும்.

வேலை நேரம் முடிந்ததும் தானாகப் பதில் அனுப்பும் வசதியால் இரவு நேரத் தொந்தரவு பெருமளவு குறைந்தது. "வணக்கம், காலை 9 மணிக்குப் பிறகு பதில் தருகிறேன்" என்ற ஒரு வரி போனாலே, நியாயமான வாடிக்கையாளர் காத்திருப்பார். ஆனால் நம் தொலைபேசிக்கு இணையத் தொடர்பு இருந்தால்தான் அந்தப் பதில் போகும். எங்கள் பக்கம் பெருமழையில் சிக்னல் விழுந்தாலோ டேட்டா முடிந்தாலோ அந்த வசதியும் நின்றுவிடும் என்பதை அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் அந்தரங்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வாடிக்கையாளரின் அந்தரங்கமும் நம் கையில்தான் இருக்கிறது. எனக்கு வரும் செய்திகளில் மார்பளவு, இடுப்பளவு, கையளவு எல்லாம் இருக்கும். பொருத்தம் பார்ப்பதற்காகச் சட்டையை அணிந்து எடுத்த படங்களையும் பெண்கள் என்னை நம்பி அனுப்புகிறார்கள். செய்திகள் அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கும்படி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டே வருகின்றன. வட்ஸ்அப் அதை 2016இல் எல்லோருக்கும் முழுமையாகக் கொடுத்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு என் தொலைபேசி வரைக்கும்தான். வந்த படங்கள் தாமாகவே கலரியில் சேர்ந்துவிட்டால், பிறந்தநாள் படம் பார்க்கத் தொலைபேசியை வாங்கும் மைத்துனரின் கண்ணிலும், திரை மாற்றக் கொடுக்கும் கடைக்காரரின் கண்ணிலும் அவை படும். ஆகவே பிசினஸ் செயலியில் படங்கள் கலரியில் சேரும் அமைப்பை முதல் வேலையாக நிறுத்தினேன். உடை பொருந்தியது உறுதியானதும் அப்படங்களை அழித்துவிடுகிறேன்; அளவுகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

வாடிக்கையாளர் பாராட்டி அனுப்பிய செய்தியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பெயரும் இலக்கமும் தெரிய முகநூலில் போடும் வழக்கம் எங்கள் பகுதியில் மிகப் பரவியிருக்கிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்றே இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு பெண் எனக்கு மட்டும் எழுதியதை ஊருக்குக் காட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கேட்டு, அவர் சரி என்று சொன்னால், பெயரையும் படத்தையும் வெட்டிவிட்டுப் போடுகிறேன்.

முகநூல் பக்கத்தைப் பற்றி. பக்கம் ஒன்றைத் தொடங்க நம் சொந்தக் கணக்கு தேவை. ஆனால் பக்கத்தை நடத்துபவர் யார் என்பதைப் பார்வையாளருக்கு முகநூல் காட்டுவதில்லை. நடத்துபவர்களைப் பற்றி, அவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதையே பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதி காட்டுகிறது. தொழில் செய்யும் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். என் பக்கத்தில் இருப்பது ஒரு கத்தரிக்கோல் படமும் தொழிற்பெயரும்தான்.

குறை எங்கே வருகிறது என்றால், சொந்தக் கணக்கிலிருந்து பக்கத்துக்கு மாறாமல் பதில் எழுதும்போது. ஒரு பொங்கல் காலத்தில், விலை கேட்டவர்களுக்கு அவசரமாகப் பதிலெழுதிக்கொண்டு போனேன். நான்கு பதில்கள் என் சொந்தப் பெயரிலும் படத்திலும் போய்விட்டன. மறுநாள் காலையில் முன்பின் தெரியாத ஆண்களிடமிருந்து பதினொரு நட்பு அழைப்புகள் வந்து கிடந்தன. இப்போது பதிலெழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் யாருடைய படம் நிற்கிறது என்று பார்க்காமல் ஓர் எழுத்தும் தட்டுவதில்லை. சொந்தக் கணக்கின் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே தடவையில் சுருக்கும் அமைப்பு முகநூலில் இருக்கிறது. பக்கம் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது. தொலைபேசியிலுள்ள இலக்கங்களைப் பதிவேற்ற முகநூல் செயலிக்குக் கொடுத்த அனுமதியையும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று ஆட்களைக் காட்டுவதற்கு அந்த இலக்கங்களும் பயன்படுகின்றன.

பூப்படமோ நடிகை படமோ போட்ட பொய்ப் பெயர்க் கணக்கில் பக்கத்தைத் தொடங்கினால் தொல்லையில்லை என்று எனக்கும் சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முகநூலின் விதிப்படி கணக்கு உண்மைப் பெயரில் இருக்க வேண்டும். கணக்கு முடக்கப்பட்டு அடையாள ஆவணம் கேட்கப்பட்டால், காட்ட எதுவுமில்லாமல் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பக்கமும் கூடவே போய்விடும். உண்மைப் பெயரில் கணக்கை வைத்து அதைப் பூட்டி வைப்பதும், நம்பிக்கையான தங்கையையோ அக்காவையோ இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்வதுமே சரியான வழி.

வட்ஸ்அப் குழுக்களில் ஓடர் எடுப்பதை நான் விட்டுவிட்டேன். குழுவில் சேரும் ஒவ்வொரு பெண்ணின் இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஒரு குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கலாம். புதிய டிசைன்களைக் காட்ட, 2023இல் வந்த சனல் வசதியே போதுமானது. அங்கே நடத்துபவரின் இலக்கமும் பின்தொடர்பவர்களின் இலக்கங்களும் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. இன்னொன்றையும் உடனே செய்ய வேண்டும்: இரண்டு செயலிகளிலும் ஆறு இலக்க இரகசிய எண்ணைப் போட்டு இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். "அக்கா, தவறுதலாக உங்கள் போனுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்புங்களேன்" என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அது நம் கணக்கை வேறொரு தொலைபேசியில் திறக்கும் சரிபார்ப்பு எண்; அதைக் கொடுத்தால் நம் கணக்கோடு வாடிக்கையாளர்களின் நம்பிக்கையும் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும் இந்த இரண்டு செயலிகளுக்குள்ளேயே வைத்திருப்பதும் ஆபத்து. கண்டி வன்முறையின்போது, 2018 மார்ச்சில், அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் பல நாட்கள் முடக்கியிருந்ததை மலையகத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி உலகம் முழுவதும் இவை ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் செயலிழந்தன. என் அளவுக் கொப்பியில் ஒவ்வொருவரின் இலக்கமும் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது.

இனி, செயலிகள் எதனாலும் மறைக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது: காசு வாங்குவதும் பொதி அனுப்புவதும். முற்பணத்துக்காக வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுக்கும்போது என் முழுப் பெயரையும் கொடுத்தாக வேண்டும். கூரியர் பொதியில் அனுப்புபவரின் பெயரும் முகவரியும் இலக்கமும் ஒட்டப்படும். கணக்கு விபரத்தை இப்போது பொதுவில் எங்கும் போடாமல், ஓடர் உறுதியான பிறகு அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்புகிறேன். அடையாள அட்டையின் படத்தை எவர் கேட்டாலும் அனுப்புவதில்லை. பொதிகளுக்கு நகரத்தில் எனக்குத் தெரிந்த துணிக்கடை அக்கா ஒருவர் உதவுகிறார். அவருடைய கடை முகவரியும் என் தொழில் இலக்கமும்தான் பொதியின் மேல் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் தைத்து முடித்ததைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறேன். அளவு கொடுக்க வரும் பெண்களும் அந்தக் கடையின் பின்னறைக்கே வருகிறார்கள். பொதி ஒன்றுக்கு அவருக்கு ஐம்பது ரூபா கொடுக்கிறேன். அதையும் சேர்த்தே ஜாக்கெட்டின் விலையைப் பொருட்பட்டியலில் போட்டிருக்கிறேன்.