பயிற்சி முகாமா, ஒரு மழைக்காலத் தோட்ட வேலையா?

மலைச்சரிவு நிலத்தைப் பண்படுத்தக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்குக் கீழ்ப்பழனி மலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இயற்கையின் போக்கை ஒட்டி நிலத்தைத் திட்டமிடும் பெர்மாகல்ச்சர் முறையைத் தங்கிப் படிக்கும் முகாம். மற்றொன்று, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஏதாவது ஒரு காப்பித் தோட்டத்தில் வடகிழக்குப் பருவமழை முடியும்வரை மண்வெட்டியோடு நிற்பது. நான் இரண்டாவது வழியில் போனவன். என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

செலவு, வசதி பற்றிப் பேச அதிகமில்லை. முகாமில் கட்டணம் கட்டினால் சாப்பாடு, படுக்கை, சான்றிதழ் எல்லாம் உண்டு. தோட்டத்தில் அட்டைக்கடியும் முதுகுவலியும் உண்டு.

முகாமைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1970களில் வகுத்த முறை அது. வழக்கமான பாடத்திட்டம் 72 மணி நேரம். வீடு, காற்று, தண்ணீர், மரம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கப் பழக்குகிறார்கள். எந்த மேஸ்திரியும் அதைச் சொல்லித்தர மாட்டார். ஏ (A) எழுத்து வடிவ மரச்சட்டத்தால் சமமட்டக் கோடு, அதாவது சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் கோடு, போடுவதை எனக்குக் காட்டியவரே முகாமுக்குப் போய்வந்த நண்பர்தான். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு, குறுக்குச்சட்டத்தில் கயிறு படும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு கால்களை இடம் மாற்றி ஊன்றி மறுபடியும் குறிக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். அரைநாளில் கைக்கு வந்துவிடும்.

ஆனால் கோடு போட்டு, மழைநீரைத் தேக்கி மண்ணில் ஊறவைக்கும் நீளக் குழியை அதன்மேல் வெட்டுவது கால்வாசி வேலை. மிச்சமெல்லாம் பராமரிப்பு. நான் விசாரித்த முகாம்கள் பனிக்காலத்திலோ கோடை விடுமுறையிலோ நடந்தவை. காய்ந்த மண்ணில் வெட்டிய குழி படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில்தான் அதன் குணம் தெரியும். நடைபாதை வழியே இறங்கும் தண்ணீர் மணலைக் குழியின் வாயிலேயே கொட்டிவிடுகிறது; வண்டல் கடைசிவரை போய் மாவுபோலப் படிகிறது. ஆழம் பாதியாகிவிடும். அடுத்த மழையில் தண்ணீர் கரையின் தாழ்ந்த இடத்தில் வழியத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தை அறுக்கும். மேல் குழி உடைந்தால் கீழ்க் குழியும் தாங்காது.

ஆகவே இரண்டு மழைக்கு நடுவே வண்டலை அள்ளி, காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் தூரில் போட வேண்டும். மிகைநீர் வெளியேறும் வாயைக் கெட்டியான மண்ணில் வைத்துக் கல் பாவ வேண்டும். அது கீழ்க் குழியின் கரைமேல் நேராக விழக் கூடாது. கரையில் நட்ட வெட்டிவேர் வேர் பிடிக்கும்வரை காவல் காக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி சொன்னது: "வெயிலில் நின்று யோசித்தால் தண்ணீர் போகிற வழி தெரியாது தம்பி. குடையை மடக்கிவிட்டு வந்து பாருங்கள்."

எங்கே வெட்டக் கூடாது என்பதும் அப்படித்தான் தெரிந்தது. செங்குத்துச் சரிவில் அதிகத் தண்ணீரை ஊறவிட்டால் மண்ணே பெயர்ந்து இறங்கிவிடும். அங்கே குறுக்கே கல் அடுக்கி, கல்யாண முருங்கைப் போத்து நட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் படிவயல்களில் நான் வேலை செய்ததில்லை. அங்கே விளையும் பூண்டுக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது என்பதால், நான் சொல்வதை அங்கே அப்படியே கொண்டுபோக வேண்டாம். பிறர் நிலத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாக்க நினைப்பவர் முகாமுக்கே போகலாம். அவருக்கு வரைபடப் பயிற்சி வேண்டும்.

தோட்டத்துக்குப் போவதானால் களைக்கொல்லி அடித்து மண்ணை மொட்டையாக வைத்திருக்கும் இடத்தைத் தவிர்த்து, நிழல் மரமும் சருகு மெத்தையும் உள்ள இடமாகப் பார்த்துக் கேளுங்கள். புரட்டாசியிலேயே போய்ச் சேர்வது நல்லது. காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால் உங்களுக்குச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.