சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி: இத்தாலியே இருக்கட்டுமா, ஜார்ஜியாவுக்கும் கதவு திறக்கலாமா?

சிக்ஸ் நேஷன்ஸ் என்பது இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இத்தாலி ஆகிய ஆறு அணிகள் ஆண்டுதோறும் மோதும் ரக்பித் தொடர். 2000-இல் ஆறாவது அணியாகச் சேர்ந்த இத்தாலி, 2015 முதல் 2022 வரை இந்தத் தொடரில் தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்றது. அதே 2022-இல், இந்தத் தொடரில் இல்லாத ஜார்ஜியா நாட்டு அணி தன் ஊரான பதூமியில் இத்தாலியை 28-19 என்றும், கார்டிஃபில் வேல்ஸை 13-12 என்றும் சாய்த்தது. "இவர்களை ஏன் சேர்க்கவில்லை?" என்ற கேள்வி அப்போது நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் இத்தாலி அப்படியே நிற்கவில்லை. 2024-இல் லீல் நகரில் பிரான்ஸுடன் ஆட்டம் 13-13. கடைசி நேரப் பெனால்டிக்குத் தயாரான இத்தாலி வீரர் கார்பிசியின் பந்து தாங்கியிலிருந்து விழுந்துவிட்டது. அவசரமாக எடுத்து வைத்து உதைத்தார், கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிரான்ஸ் தப்பியது. பிறகு இத்தாலியர்கள் ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் வென்றார்கள். ஜார்ஜியாவோ 2023 உலகக் கோப்பையில் ஒரு வெற்றிகூடப் பெறவில்லை.

ஆக, இத்தாலியை எடுத்துவிட்டு ஜார்ஜியாவைச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். சிக்ஸ் நேஷன்ஸின் கடைசி இடத்து அணிக்கும், இதற்கு அடுத்த நிலையிலுள்ள ஐரோப்பியத் தொடரின் சாம்பியனுக்கும் ஒரு தகுதி ஆட்டம் வைப்பது வேறு விஷயம். அது தாராளமாக வரட்டும். சிக்கல் என்னவென்றால், அந்த விதியை எழுத வேண்டியவர்கள் இந்த ஆறு நாடுகளின் ரக்பிச் சங்கங்கள்தான். 2023 முதல் 2025 வரை 18 டெஸ்ட்களில் (சர்வதேச ஆட்டங்களில்) வரிசையாகத் தோற்ற வேல்ஸ் அதற்குக் கை தூக்குமா என்ன?