பார்க்கர் 51-க்கு எந்த மை? சூடு பட்டவன் சொல்கிறேன்

அப்பாவின் பார்க்கர் 51 மைப்பேனா என் கைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஏரோமெட்ரிக் வகை, அதாவது உள்ளே இருக்கும் பையை அழுத்தி மை நிரப்புவது. அது எப்படி எழுதும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தாத்தாவின் பழைய பேனா ஒன்று கிடைத்திருக்கிறது, என்ன மை ஊற்றலாம் என்று நண்பர் கேட்டார். என்னுடையது போன மாதம்தான் ரிப்பேரிலிருந்து திரும்பியது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

எட்டு வருடம் ஒரு சாதாரண நீல மைதான் ஊற்றினேன். ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் மயில் கழுத்து நிறத்தில் ஒரு மையைப் பார்த்து மயங்கினேன். பெயர் வேண்டாம். காய்ந்த இடத்தில் செம்பு மாதிரி மினுங்கும். சாயம் மிக அடர்த்தியாக இருப்பதால்தான் அந்த மினுக்கு வருகிறது என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்று மாதத்தில் எழுத்து மெலிந்தது. ஆறாவது மாதம் 'ழ' போடுவதற்குள் இரண்டு முறை நின்றது.

51-ல் நிப் ஒரு கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், முனை மட்டும் வெளியே தெரியும். உள்ளே சீப்புப் பல் போல நெருக்கமான வெட்டுகளோடு கலெக்டர் என்ற பாகம். வழியும் மையைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். காய்ந்த சாயம் போய் உட்காருவதும் அங்கேதான். அந்தக் கூட்டை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள், பழக்கமில்லாத கை அதைக் கழற்றக் கூடாது. ரிப்பேர்காரர் கழற்றிக் காட்டி, "சார், இது மை இல்ல, பெயிண்ட்" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதில் வேடிக்கை, 1941-ல் இந்தப் பேனா வந்தபோது பார்க்கரே இதற்கென்று சட்டென்று காயும் காரத்தன்மை மிகுந்த மையை விற்றது. வேறு பேனாவில் ஊற்றாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு!

சரி, நண்பருக்கு. தாத்தா பேனாவில் மை தேங்க ரப்பர் பை இருந்தால் வாட்டர்மேன் செரினிட்டி ப்ளூ, இல்லாவிட்டால் பெலிக்கன் 4001 ராயல் ப்ளூ. அதே 4001-ல் ப்ளூ பிளாக் எடுத்துவிடாதீர்கள்; அது இரும்பு கலந்த அமில மை, வாரக்கணக்கில் எழுதாமல் விட்டால் படியும். படம் வரையும் இந்தியன் இங்க் பக்கமே போக வேண்டாம், அதில் அரக்கு இருக்கும். ஒரு மையோடு இன்னொன்றைக் கலக்காதீர்கள். கழுவப் பச்சைத் தண்ணீர் போதும். பழைய பேனா செல்லுலாய்ட் என்ற பிளாஸ்டிக்கில் செய்ததாக இருந்தால் வெந்நீர் பட்டு நெளிந்துவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பானேன்? இந்த நல்ல பிள்ளை நீலங்கள் எல்லாம் பள்ளிக்கூட நோட்டு நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் எழுத்து கரைந்து ஓடும். பேனாவுக்குப் பத்துக்குப் பத்து, எழுதுகிறவனுக்கு நான்கு.

51 இப்போது மறுபடி நீலத்தில் வழுக்கிக்கொண்டு எழுதுகிறது, குறை சொல்ல முடியாது. மயில் கழுத்து பாட்டிலைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. ஒரு மலிவுப் பேனாவில் ஊற்றி வைத்தேன். டைரி, கடிதம், மளிகைச் சீட்டு எல்லாம் இப்போது அதில்தான்.